பத்மினி என்ஜினும் என்ஜின் ரூமும்: பெயின்ட் உரியாமல் நிற்க முழுமையான வழிகாட்டி

பழைய பிரீமியர் பத்மினி காரைப் பிரித்து வேலை பார்க்கிறவர்களில் பலர், கடைசி வாரத்தில் ரெண்டு டப்பா ஸ்பிரே வாங்கி என்ஜின் ரூமை அடித்து முடித்துவிடுகிறார்கள். பானெட்டைத் திறந்தால் பளபளவென்று இருக்கும். ஒரு மழைக்காலம் போகட்டும், பேட்டரித் தட்டைச் சுற்றிக் கொப்புளம், ஹெட்டில் செதில் செதிலாக உரிதல், கார்புரேட்டர் சொட்டிய இடத்தில் பிசுபிசுப்பு. உடனே பெயின்ட் மட்டம் என்று கடைக்காரருக்குத் திட்டு விழும். பெரும்பாலும் பெயின்ட் மேல் தப்பே இல்லை. அடிப்பதற்கு முந்தைய வேலையை விட்டிருப்பார்கள், இல்லையென்றால் வரிசை மாற்றிச் செய்திருப்பார்கள்.

இதைப் பிரீமியர் பத்மினியின் 1089 சிசி பெட்ரோல் என்ஜினை மனதில் வைத்து எழுதுகிறேன். பிளாக், அதாவது சிலிண்டர்கள் இருக்கிற பெரிய பகுதி, வார்ப்பிரும்பு; அதன் மேல் மூடி மாதிரி உட்காரும் ஹெட் அலுமினியம். இந்த ரெண்டு உலோகத்துக்கும் பிடிக்கிற பிரைமர் வேறு என்பதுதான் பாதிச் சிக்கல். அம்பாசடரின் பழைய 1489 சிசி பெட்ரோல் என்ஜினில் ஹெட்டும் வார்ப்பிரும்பு, அதனால் அலுமினியம் பற்றிச் சொல்வதை மட்டும் அவர்கள் தாண்டிப் போகலாம்.

1. கசிவை நிறுத்தாமல் பிரஷ்ஷைத் தொடாதீர்கள்

டாப்பட் கவர் கேஸ்கெட், சம்ப் கேஸ்கெட், பெட்ரோல் பம்ப் உட்காரும் இடம், டைமிங் பக்க ஆயில் சீல். எண்ணெய் கசியும் இடங்கள் பெரும்பாலும் இவைதான். கசிவு இருக்கும்போது எவ்வளவு நல்ல பெயின்ட் அடித்தாலும், கேஸ்கெட் ஓரத்தில் எண்ணெய் பெயின்டுக்கு அடியில் ஊர்ந்து போகும், அங்கிருந்துதான் உரியத் தொடங்கும்.

ஆகவே போர், ஹெட் ஃபேஸ், சீல் மாற்றுவது என்று லேத் பட்டறையில் செய்யவேண்டிய வேலை எல்லாம் முடிந்த பிறகுதான் பிளாக்குக்குப் பெயின்ட். முதலில் பெயின்ட் அடித்து, அப்புறம் லேத்துக்கு அனுப்பினால், அங்கே கொதி தொட்டியில் போட்டுக் கழுவும்போது மொத்தமும் போய்விடும்.

2. என்ஜினை இறக்குவதா, வண்டியிலேயே வைத்து அடிப்பதா

நீண்ட நாள் நிற்கவேண்டும் என்றால் இறக்கியே ஆகவேண்டும். ஃபயர்வால், அதாவது டேஷ்போர்டுக்கும் என்ஜினுக்கும் நடுவில் இருக்கிற தகடு, என்ஜின் உள்ளே இருக்கும்போது கைக்கே எட்டாது. எட்டாத இடத்தைச் சுத்தம் செய்ய முடியாது, சுத்தம் செய்யாத இடத்தில் பெயின்ட் நிற்காது. என்ஜினைத் தூக்குகிற செயின் பிளாக் வாடகைக்குக் கிடைக்கும், அதற்குத் தயங்க வேண்டாம்.

ஓவர்ஹால் எதுவும் திட்டத்தில் இல்லை, பார்வைக்குச் சரியாக இருந்தால் போதும் என்றால், என்ஜின் ரூமின் பக்கத் தகடுகள், பேட்டரித் தட்டு, ரேடியேட்டர் சட்டம் மட்டும் செய்யுங்கள். என்ஜினை நன்றாகக் கழுவி அப்படியே விடுங்கள். சுத்தமான பழைய இரும்பு, பாதி உரிந்த புதுப் பெயின்டைவிட ஆயிரம் மடங்கு மேல்.

3. முன்கூட்டியே வாங்கி வைக்க வேண்டியவை

பாதி வேலையில் கடைக்கு ஓடினால் பிரைமர் காயும் கணக்கு தவறும். அதனால் எல்லாம் கையில் வந்த பிறகு தொடங்குங்கள்.

சுத்தம் செய்ய: தண்ணீரில் கரையும் என்ஜின் டிகிரீசர், துணி சோப்புத் தூள், கம்பி பிரஷ், பழைய டூத் பிரஷ் நாலைந்து, வெள்ளை பனியன் வேஸ்ட் ஒரு மூட்டை. கலர் வேஸ்ட் வேண்டாம், தின்னர் பட்டால் சாயம் இறங்கும். தேய்க்க: 80, 180, 320, 400 நம்பர் சாண்ட் பேப்பர், மூலைகளுக்குப் பாத்திரம் தேய்க்கும் பச்சை நார். நார் புதிதாக இருக்கட்டும், சமையலறையில் இருந்து எடுத்தால் எண்ணெய்ப் பிசுக்கு கூடவே வரும்.

பூச: டூ-பேக் (அடிக்கும் முன் ஹார்ட்னர் என்கிற இறுக்கும் திரவத்தைக் கலக்க வேண்டியது) எபாக்ஸி பிரைமர், தகடுகள் சேரும் இடத்தை அடைக்கும் சீம் சீலர், என்ஜின் ரூமுக்கு டூ-பேக் பி.யூ. (பாலியூரித்தேன்) பெயின்டும் அதன் ஹார்ட்னரும், பிளாக்குக்கு என்ஜின் எனாமல், எக்ஸாஸ்டுக்கு 600 டிகிரி தாங்கும் சிலிக்கான் பெயின்ட். எல்லாவற்றுக்கும் ஒரே டப்பா போதும் என்று கடையில் சொன்னால் கேட்காதீர்கள். பக்கத் தகடு, வெயிலில் நிற்கிற வண்டி ஏறுகிற அளவுச் சூட்டைத்தான் பார்க்கிறது, பிளாக் நூறு டிகிரியை ஒட்டிப் போகும், எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு அதைப்போல் பல மடங்கு.

உங்களுக்கு: கண்ணாடி, நைட்ரைல் கையுறை, ஆர்கானிக் வேப்பர் கார்ட்ரிட்ஜ் போட்ட மாஸ்க். இதைப் பற்றி ஒன்பதாவது பகுதியில் இன்னும் சொல்கிறேன், அதைத் தாண்டிப் போகவேண்டாம்.

4. கழற்றுவதற்கு முன் போட்டோவும் சீட்டும்

பேட்டரியைக் கழற்றி வீட்டுக்குள் கொண்டுபோங்கள். பெட்ரோல் லைனைப் பிரித்து, டேங்கில் இருந்து வருகிற பைப்பை அடைத்துவிடுங்கள். கூலன்ட், ஆயில் வடித்தாகட்டும்.

ஒவ்வொரு வயரையும் கழற்றுவதற்கு முன் போட்டோ எடுத்து, மாஸ்கிங் டேப்பில் பெயர் எழுதி ஒட்டுங்கள். நினைவில் இருக்கும் என்று எல்லோரும் நினைக்கிறார்கள். பெயின்ட் காய்ந்து, பிளாக் லேத்தில் இருந்து வந்து, நடுவில் ஒரு கல்யாணமும் திருவிழாவும் போய், ரெண்டு மாதம் கழித்துப் பூட்டும்போது எந்த வயர் டெம்பரேச்சர் கேஜுக்குப் போகிறது, எது ஆயில் பிரஷர் லைட்டுக்கு என்று யாருக்கும் தெரிவதில்லை.

எர்த் வயர் பாடியைத் தொடும் இடங்களை மட்டும் தனியாகக் கிட்டப் போய் போட்டோ எடுத்து வையுங்கள். மாஸ்கிங் சமயத்தில் வேண்டும்.

5. எண்ணெய் எடுப்பது: வேலையில் பாதி இதுதான்

இந்தப் பகுதியில் அவசரப்பட்டால் கீழே எழுதியது எதுவும் பலன் தராது.

வாட்டர் சர்வீஸ் கடையில் டீசல் அடித்துக் கழுவுவது நம் ஊர் வழக்கம். கருப்புக் கசடு போக அது நல்லதுதான். ஆனால் டீசலும் ஒரு எண்ணெய். கழுவிய இடம் பளிச்சென்று தெரிவதே அதன் மேல் மெல்லிய டீசல் படலம் இருப்பதால்தான். அந்தப் பளிச்சை நம்பி நேரே பிரைமர் அடித்த வண்டிகளைத்தான் அடுத்த வருஷம் உரித்துக்கொண்டிருக்கிறார்கள். மண்ணெண்ணெய்க்கும் இதே கதி.

வரிசை இப்படி. முதலில் பழைய ஸ்க்ரூடிரைவர், மரக் கரண்டி மாதிரி எதையாவது வைத்துக் கெட்டிக் கசடைச் சுரண்டுங்கள். பிறகு வேண்டுமானால் டீசல். அதற்குப் பிறகு டிகிரீசர் அடித்து, பிரஷ் போட்டுத் தேய்த்து, அது காய்வதற்கு முன் கழுவுங்கள். கடைசியில் சோப்புத் தூள் கரைத்த வெந்நீர், அதற்கு மேல் நல்ல தண்ணீர். இதை ரெண்டு முறையாவது செய்ய வேண்டியிருக்கும், ஸ்டீரிங் பாக்ஸ் பக்கம் இன்னும் அதிகம்.

காஸ்டிக் சோடா சீக்கிரம் வேலை செய்யும் என்று யாராவது சொல்வார்கள். இரும்புப் பிளாக்கில் சரி. அலுமினியத்தை அது அரித்துவிடும், ஹெட், கார்புரேட்டர் பக்கம் கொண்டுபோகவே கூடாது. லேத்துக்கு ஹெட்டை அனுப்பும்போதும் இதைச் சொல்லி அனுப்புங்கள்.

பேட்டரித் தட்டுக்குத் தனி வைத்தியம். ஆப்பச் சோடாவைத் தண்ணீரில் கரைத்து ஊற்றுங்கள், நுரை வந்தால் ஆசிட் மிச்சம் இருக்கிறது. நுரை நிற்கும் வரை ஊற்றிக் கழுவுங்கள். ஆசிடை உள்ளே வைத்துப் பூசினால் எந்தப் பெயின்டும் கொப்புளிக்கும்.

சுத்தமாகிவிட்டதா என்று எப்படித் தெரியும்? தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். தண்ணீர் ஒரே படலமாகப் பரவி வழிந்தால் சரி. தாமரை இலையில் உருளுகிற மாதிரி முத்து முத்தாக நின்றால் அங்கே எண்ணெய் இருக்கிறது, திரும்பவும் டிகிரீசர்.

புதியவர்கள் அதிகம் தடுக்கி விழும் இடம் ஒன்று: துரு கண்ணை உறுத்துவதால் முதலிலேயே சாண்ட் பேப்பரை எடுத்துவிடுகிறார்கள். எண்ணெய் போகாமல் தேய்த்தால், அந்த எண்ணெயைப் பேப்பரே கீறலுக்குள் தேய்த்து ஏற்றிவிடும், அதற்குப் பிறகு அதை எடுப்பது பெரும்பாடு. எண்ணெய் முதலில், துரு அப்புறம்.

6. துரு, தகடு, பழைய பெயின்ட்

பேட்டரித் தட்டின் அடி, ஃபயர்வாலின் கீழ் ஓரம், சக்கர வளைவின் மேல்பக்கம் மூன்றையும் ஸ்க்ரூடிரைவர் முனையால் குத்திப் பாருங்கள். உள்ளே போனால் அது டிங்கர் வேலை, பெயின்ட் வேலை இல்லை. தகட்டை வெட்டி வெல்டு வைக்கச் சொல்லுங்கள். பட்டி வைத்து ஓட்டையை மூடுவதற்கு ஒத்துக்கொள்ளாதீர்கள். என்ஜின் ஆட்டத்திலும் சூட்டிலும் அது வெடித்து, நடுவில் தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும்.

மேல் துருவைக் கம்பி பிரஷ்ஷாலும் 80 பேப்பராலும் எடுத்து, 180, 320 என்று இறங்குங்கள். துரு நீக்கி திரவம் போட்டால் அது பெரும்பாலும் பாஸ்பாரிக் ஆசிட். டப்பாவில் சொன்னபடி கழுவிக் காயவைக்காமல் மேலே எபாக்ஸி அடித்தால் எபாக்ஸி சரியாக இறுகாது.

பழைய பெயின்ட் நன்றாகப் பிடித்திருந்தால் மொத்தமும் உரிக்கத் தேவையில்லை, மங்கலாகும் வரை தேய்த்தால் போதும். ஆனால் ஒரு மூலையில் என்.சி. (நைட்ரோசெல்லுலோஸ்) தின்னர் நனைத்த துணியை வைத்துத் தேய்த்துப் பாருங்கள். கலர் கரைந்து துணியில் வந்தால் அது பழைய டூகோ, அதாவது என்.சி. பெயின்ட். அதன் மேல் டூ-பேக் அடித்தால் தின்னர் கடித்துச் சுருங்கிவிடும். அந்த இடங்களில் இரும்பு தெரியும் வரை எடுத்துவிடுங்கள்.

பிளாக்கை சாண்ட் பிளாஸ்ட் செய்ய வேண்டாம் என்பது என் கருத்து. ஆயில் போகும் துளைகளில் ஒரு பிடி மணல் தங்கினால் புது பேரிங் போய்விடும். கம்பி பிரஷ்ஷும் பொறுமையும் போதும்.

7. மாஸ்கிங்

முதலில் மறைக்க வேண்டியது என்ஜின் நம்பரும் சேஸிஸ் நம்பரும். இன்று ஓடுகிற பத்மினி எல்லாம் 15 வருஷம் தாண்டியவை, 5 வருஷத்துக்கு ஒரு முறை பதிவைப் புதுப்பிக்க வண்டியை ஆர்.டி.ஓ. ஆய்வுக்குக் கொண்டுபோக வேண்டும். அங்கே அந்த நம்பர் தெளிவாகத் தெரியவேண்டும். அதன் மேல் பேப்பர் போட்டுத் தேய்க்காதீர்கள், கிரைண்டர் பக்கமே போகாதீர்கள், கனமாகப் பூசி நிரப்பவும் வேண்டாம். மெல்லிய எண்ணெய் தடவித் துடைத்துவைத்தால் போதும், அதுவும் எல்லாப் பெயின்ட் வேலையும் முடிந்த பிறகு.

பிளாக்கில்: கேஸ்கெட் உட்காரும் எல்லா முகங்கள், மவுண்டிங் உட்காரும் இடம், கியர்பாக்ஸ் சேரும் முகம், சென்சார் திருகுகிற மரை, டிப்ஸ்டிக் துளை. பழைய ஸ்பார்க் பிளக், பழைய போல்ட்களைத் துளைகளில் திருகிவிட்டால் டேப்பைவிட நன்றாக அடைக்கும். பெரிய வாய்களைத் துணியால் அடைத்தால் முழுத் துணியாக வைத்து வால் வெளியே தெரிய விடுங்கள். சின்னத் துண்டு உள்ளே போனால் ஒருவரும் கவனிக்க மாட்டார்கள்.

புல்லியில் பெல்ட் ஓடும் பள்ளத்தில் பெயின்ட் வேண்டாம். டைமிங் குறி இருக்கும் இடமும் தெரியவேண்டும். ரப்பர் ஹோஸ், வயர் செட் எதையும் பூசாதீர்கள், வளையும்போது அதன் மேல் பெயின்ட் வெடித்துத் தூளாகக் கொட்டும்.

எர்த் இடங்களில் நாணய அளவுக்கு டேப் வட்டம் ஒட்டுங்கள். இதை மறந்தவர்கள்தான் எல்லாம் பூட்டிய பிறகு ஸ்டார்ட்டர் சுற்றவில்லை, லைட் மங்குகிறது என்று எலக்ட்ரீஷியனைத் தேடுகிறார்கள்.

8. பிரைமர்

வெறும் இரும்புக்கு எபாக்ஸி. ரெட் ஆக்சைடு மலிவு, ஜன்னல் கம்பிக்குச் சரி. பெட்ரோலும் பிரேக் ஆயிலும் சிந்துகிற இடத்துக்கு அது தாங்காது.

அடிப்பதற்கு முன் தின்னர் நனைத்த வெள்ளை வேஸ்ட்டால் ஒரு முறை துடைத்து, தின்னர் காய்வதற்கு முன் வேறொரு காய்ந்த துணியால் எடுத்துவிடுங்கள். ஒரே துணியால் துடைத்தால் அழுக்கு இடம் மாறுமே தவிரப் போகாது.

ஹார்ட்னர் அளவு கம்பெனிக்குக் கம்பெனி மாறும், டப்பாவில் போட்டிருக்கிற விகிதத்தை அளவுக் குவளையில் பார்த்துக் கலக்குங்கள். சில எபாக்ஸியைக் கலந்து கொஞ்ச நேரம் வைத்த பிறகுதான் அடிக்க வேண்டும், அதுவும் டப்பாவில் இருக்கும். கண்ணளவு வேண்டாம். ஹார்ட்னர் குறைந்தால் மாதக்கணக்கில் நகம் பதியும்.

எபாக்ஸி காய்ந்ததும் தகடு சேரும் இடங்களில் சீம் சீலர். வெறும் இரும்பின் மேல் நேரடியாக வைத்தால் சீலருக்கு அடியில் துரு ஓடும், வெளியே தெரியாது.

அலுமினிய ஹெட்டை என்ன செய்வது? நான் பூசாமல் விடுவேன். சுத்தம் செய்த அலுமினியம் அப்படியே அழகு, உரிவதற்கும் ஒன்றும் இல்லை. பூசியே ஆகவேண்டும் என்றால் அலுமினியத்துக்கென்று வரும், ஆசிட் கலந்த எட்ச் பிரைமரை மெல்லியதாக ஒரு கோட் அடியுங்கள், அதன் மேல் என்ஜின் எனாமல். எட்ச் பிரைமர் மேல் எபாக்ஸி அடிக்காதீர்கள், பல கம்பெனிகள் அதை வேண்டாம் என்றே சொல்கின்றன. கீழே இருக்கும் ஆசிட் எபாக்ஸியை இறுக விடாது.

9. என்ஜின் ரூமுக்குக் கலர்

முதலில் மூச்சு. பி.யூ. ஹார்ட்னரில் ஐசோசயனேட் இருக்கிறது. அது ஆஸ்துமாவைக் கொண்டுவரும், ஒரு முறை உடம்புக்கு ஒவ்வாமல் போனால் பிறகு துளி பட்டாலும் மூச்சு முட்டும். வாசனையை வைத்து அளவைக் கண்டுபிடிக்கவும் முடியாது. கைக்குட்டை, துணி மாஸ்க் எதற்கும் உதவாது. மூன்றாவது பகுதியில் சொன்ன கார்ட்ரிட்ஜ் மாஸ்க் மற்ற வேலைகளுக்கு. வெளியில் இருந்து காற்று வருகிற மாஸ்க்தான் முழுப் பாதுகாப்பு. அது இல்லையென்றால் இந்த ஒரு வேலையை மட்டும் பூத் வைத்திருக்கிற பெயின்டரிடம் கொடுத்துவிடுங்கள், தயாரிப்பு எல்லாம் நீங்கள் செய்ததாக இருக்கட்டும். போர்டிகோவில் அடிப்பவர்கள் பக்கத்தில் விளக்கு, ஊதுபத்தி, கேஸ் அடுப்பு இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அடுத்த வீட்டு வெள்ளைக் காரையும் கொஞ்சம் நினைத்துக்கொள்ளுங்கள், பெயின்ட் தூசி காற்றில் நெடுந்தூரம் போகும்.

நாள் பார்ப்பதும் முக்கியம். சென்னை, கடலூர், நாகப்பட்டினம் மாதிரி கடலோரத்தில் ஐப்பசி, கார்த்திகையில் இந்த வேலையைத் தொடாதீர்கள். ஈரக் காற்றில் தின்னர் ஆவியாகும்போது தகடு குளிர்ந்து, கண்ணுக்குத் தெரியாத பனி படியும், பெயின்ட் வெள்ளை பூத்து மங்கும். வெயில் ஏறிய காலை நேரம் நல்லது. கம்ப்ரஸரில் தண்ணீர் பிடிக்கும் கிண்ணம் மாட்டி, டேங்கை வடித்துவிட்டுத் தொடங்குங்கள்.

எபாக்ஸியை 400 பேப்பரால் லேசாக மங்க வைத்து, துடைத்து, பிறகு கலர். மூலை, மடிப்பு, ஸ்டே (தாங்கு பட்டை) இருக்கும் அடிப்பக்கம் முதலில், பரந்த தகடு கடைசியில். மாற்றிச் செய்தால் மூலைக்குள் அடிக்கும் காற்று, முடித்த தகட்டின் மேல் வறண்ட தூளாகப் படியும். மெல்லிய கோட் ரெண்டு அல்லது மூன்று, நடுவில் பத்து பதினைந்து நிமிஷம். அடிக்கும்போது சின்னச் சின்ன வட்டப் பள்ளம் விழுந்தால் அது சிலிக்கான். டேஷ்போர்டு பாலிஷ், டயர் பாலிஷ் போட்ட கையோடு யாரோ தொட்டிருக்கிறார்கள். மேலே மேலே அடித்தால் மூடாது, காயவிட்டுத் தேய்த்துத் துடைத்துத்தான் திரும்ப அடிக்கவேண்டும்.

கலர் பாடி கலரே இருக்கட்டும். பாடி கலரையும் மாற்றும் எண்ணம் இருந்தால் ஆர்.சி.யில் திருத்த வேண்டும், அதை முடிவு செய்த பிறகு பெயின்ட் வாங்குங்கள்.

10. பிளாக்

என்ஜின் எனாமல் பொதுவாக 250 முதல் 300 டிகிரி செல்சியஸ் வரை தாங்கும், பிளாக்குக்குத் தாராளம். கருப்பைவிட வெளிர் சாம்பலைத் தேர்ந்தெடுங்கள். கசிவு தொடங்கிய அன்றே கண்ணில் படும்.

மெல்லிய கோட் மூன்று. இங்கே கனம் கூடாது. இரும்பு சூட்டில் விரிந்து சுருங்கும்போது கனமான படலம் கூடவே போகாமல் வெடிக்கும். பட்டி எதுவும் வேண்டாம், வார்ப்பின் சொரசொரப்பு இருக்கட்டும்.

டப்பா ஸ்பிரேயில் அடுத்த கோட்டுக்கு ஒரு கெடு உண்டு. பல எனாமல்களில் ஒரு மணி நேரத்துக்குள் எல்லாக் கோட்டும் முடியவேண்டும், தவறினால் ஏழு நாள் காத்திருக்க வேண்டும். நடுவில், சாப்பிட்டுவிட்டு வந்து இன்னொரு கோட் என்று அடித்தால் கீழே இருப்பது சுருங்கிக் கிளம்பிவிடும்.

11. எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு

இதைப் பிளாக்கோடு சேர்த்து அடித்துவிடுகிறார்கள், முதல் ஓட்டத்திலேயே புகைந்து கருகுகிறது. தனியாகக் கழற்றி, வெறும் இரும்பாக்கி, பிரைமர் இல்லாமல் நேரடியாக சிலிக்கான் பெயின்ட். அது சூட்டில்தான் இறுகும், அதனால் படிப்படியாகச் சூடேற்றி ஆறவிடச் சொல்லி டப்பாவில் இருக்கும். இறுகும் வரை நகம் பட்டாலே வரும், பூட்டும்போது கவனம்.

12. காய்வதும் பூட்டுவதும்

தொட்டால் ஒட்டவில்லை என்பதும் இறுகிவிட்டது என்பதும் ஒன்றல்ல. பி.யூ.வுக்கு ஒரு வாரம் கொடுங்கள், அதற்குள் ஸ்பேனர் போட்டால் போல்ட் தலையைச் சுற்றிப் பெயின்ட் பிதுங்கி வரும். போல்ட்டுக்கு அடியில் வாஷர் வையுங்கள். என்ஜினைத் திரும்ப வண்டிக்குள் இறக்கும்போது ஓரங்களில் பழைய போர்வையைப் போடுங்கள், செயின் ஆடாமல் ஒருவர் பிடிக்கட்டும்.

எர்த் வட்டங்களை உரித்து, வெறும் இரும்பில் வயரைப் பூட்டி, மேலே வாசலின் தடவுங்கள்.

எனாமலை இறுக்குவதற்காக என்ஜினை ஐடிலிங்கில் விட்டு விட்டுச் சூடேற்றுங்கள் என்று பலர் எழுதுகிறார்கள். பழைய என்ஜினுக்குச் சரி. புது கேம், புது டாப்பட் போட்ட என்ஜினுக்கு முதல் ஓட்டத்தில் நீண்ட ஐடிலிங் கெடுதல், மெக்கானிக் சொல்கிற வேகத்தில்தான் ஓடவேண்டும். அப்படியானால் பிளாக்கைப் பூட்டுவதற்கு முன் ஒரு வாரம் வெயிலில் காயவிடுங்கள். முதல் ஓட்டத்தில் கொஞ்சம் புகையும் வாசனையும் வரும், அது எக்ஸாஸ்ட் பெயின்ட்.

பிரேக் ஆயில் ஊற்றும்போது சுற்றிலும் ஈரத் துணி போட்டுக்கொள்ளுங்கள். சாதாரண பிரேக் ஆயில் பெயின்டைக் கரைக்கும், பி.யூ. கொஞ்ச நேரம்தான் தாங்கும். சிந்தினால் துடைப்பதற்கு முன் தண்ணீர் ஊற்றுங்கள், அது தண்ணீரில் கலந்து போய்விடும், துணியால் இழுத்தால் இன்னும் பரவும். மிச்சம் இருக்கும் கலரை ஹார்ட்னர் கலக்காமல் ஒரு கண்ணாடிப் பாட்டிலில் மூடி வையுங்கள், கல் தெறித்த இடத்துக்கு அப்போதே கொஞ்சம் கலந்து பிரஷ்ஷால் வைத்துக்கொள்ளலாம்.